கூடத்தில் ஒரு கச்சேரி: வீட்டில் கர்நாடக இசை நிகழ்ச்சி நடத்துவது எப்படி

வீட்டில் கச்சேரி வைக்க வேண்டும் என்று நினைப்பவர் முதலில் வித்வானைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியதில்லை. தம் வீட்டுக் கூடத்தின் நடுவே நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டிப் பார்க்க வேண்டும். தட்டிய ஓசை அந்த இடத்திலேயே அடங்கினால் கூடம் கச்சேரிக்குத் தயார். சுவரில் மோதிக் கணீரென்று ஒரு நொடி தங்கி நின்றால், மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் அங்கே இரண்டு முறை கேட்கும், பாடகர் வேகமாக உருட்டும் பிருகாக்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து குழம்பும் என்று பொருள். வழவழப்பான டைல்ஸ் தரையும் பெரிய கண்ணாடி ஜன்னலும் கொண்ட இன்றைய அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலைதான். அதைச் சரிசெய்யத் தேவையான பொருள்கள் எல்லாம் வீட்டுப் பரணிலேயே இருக்கும்.

தரை முழுவதும் ஜமக்காளம் விரித்து அதன் மேல் பாய்களைப் பரப்பினால் எதிரொலி பெருமளவு குறையும். கண்ணாடி ஜன்னல்களுக்குக் கனமான பருத்தித் திரை வேண்டும். இல்லாவிட்டால் கொடிக்கயிற்றில் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டாலும் அதே பலன் கிடைக்கும், பார்ப்பதற்குத்தான் கொஞ்சம் துவைக்கப்போட்ட வீடு போலத் தெரியும். புத்தக அலமாரி இருந்தால் அதன் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துவிடலாம், உயரமும் குட்டையுமாக நிற்கும் புத்தகங்கள் ஓசையை நன்றாகச் சிதறடிக்கும். ஆனால் பாடகரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரை மட்டும் வெறுமையாக விட வேண்டும். அந்தச் சுவர்தான் குரலைக் கேட்பவர்களின் பக்கம் திருப்பி அனுப்புகிறது. அதையும் திரையால் மூடிவிட்டால் பாடகருக்குத் தம் குரல் தம் காதுக்கே திரும்பி வராது. அரை மணி நேரத்தில் அவர் தொண்டையை அழுத்திப் பாடத் தொடங்கிவிடுவார். ஆட்கள் வந்து நெருக்கமாக உட்கார்ந்ததும் எதிரொலி இன்னும் சிறிது குறையும் என்பதால், காலிக் கூடத்தில் கொஞ்சம் கணகணப்பு மிஞ்சியிருந்தால் கவலை இல்லை.

இவ்வளவு சிரமம் எதற்கு, இரண்டு மைக் வைத்துவிட்டால் போகிறது என்று யாராவது ஓர் உறவினர் கட்டாயம் சொல்வார். மைக் வைத்த கணத்தில் அது ஒரு சின்ன சபாவாகிவிடும், சபாக்களுக்கோ நம் ஊரில் குறைவில்லை. சென்னையில் சபாக்கள் தோன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். மியூசிக் அகாடமி தொடங்கியது 1928இல். சபாக்கள் வருவதற்கு முன்பெல்லாம் கர்நாடக சங்கீதம் கோவிலிலும் அரண்மனையிலும் கல்யாணப் பந்தலிலும் தனவந்தர்களின் கூடத்திலும்தான் கேட்கப்பட்டது. வீணை தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது, அந்தக் காலத்தின் பெரிய வித்வான்களே வந்து உட்கார்ந்து கேட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் மூச்சுவிடும் ஓசைகூட இடையூறாகத் தோன்றும் அளவுக்கு மென்மையான வாசிப்பு அது. அவருடைய பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் பாலசரஸ்வதியும் பதங்கள் என்னும் காதல் பாடல்களைப் பாடிய அந்த நிதானமான விளம்ப காலம் இத்தகைய அறைக்குள்தான் ஊறி வந்தது. வீட்டுக் கச்சேரியை ஏற்பாடு செய்பவர் செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலையும் அந்த நெருக்கத்தையும் அமைதியையும் காப்பதற்கானது. சபாவில் இருப்பதையெல்லாம் சிறிய அளவில் வீட்டுக்குக் கொண்டுவருவதற்கானது அல்ல.

எத்தனை பேரை அழைப்பது

இதற்கு மனக்கணக்கே போதும். கூடம் 12 அடிக்கு 20 அடி என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 240 சதுர அடி. பாடகர், வயலின், மிருதங்கம், பின்னால் தம்புரா என்று நால்வர் அமர 12 அடி அகலத்தில் 6 அடி ஆழம் தேவை. 72 சதுர அடி போயிற்று. அவர்களுக்கும் முதல் வரிசைக்கும் நடுவே 2 அடி இடைவெளி விட்டால் 24. மீதி 144. சம்மணமிட்டு உட்காரும் ஒருவருக்கு, முழங்காலைச் சற்று நீட்டி மடக்கவும் சேர்த்து, 6 சதுர அடி வேண்டும். அப்படியானால் 24 பேர். நாற்காலி போடுகிற ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் என்பதால், முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் நான்கு பேர் வருவார்கள் என்றால் மொத்தம் 20 பேரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அழைப்பை வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போட்டுவிட்டால் இந்தக் கணக்கு காற்றில் போய்விடும். ஒவ்வொருவராகப் பேசி அழைத்து, வருகிறேன் என்றவர்களின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, அந்த எண்ணிக்கையில் கறாராக இருக்க வேண்டும்.

கலைஞரிடம் பேசுவது

வீட்டுக் கச்சேரிக்கு யாரை அழைப்பது என்பதில் புகழைவிடக் குரலின் இயல்பைப் பார்க்க வேண்டும். பெரிய அரங்கில் மின்னுகிற சிலருடைய பாட்டு, ஆறடி தூரத்தில் மைக் இல்லாமல் கேட்கும்போது நம்மைப் பின்னுக்குத் தள்ளும். அரங்கில் அடக்கமாகத் தெரியும் சிலரோ கூடத்தில் மலர்ந்துவிடுவார்கள். மைக் இல்லாமல் இரண்டரை மணி நேரம் பாட முடியுமா, பாட விருப்பமா என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுவது இருவருக்கும் நல்லது. இன்றைய இளம் பாடகர்களில் பலர் பயிற்சிக் காலம் முதலே மைக்குக்குப் பழகியவர்கள் என்பதால் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சிலர் யோசித்துச் சொல்கிறேன் என்பார்கள், அதுவும் நேர்மையான பதில்தான்.

சன்மானத்தையும் அதே பேச்சில் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் நடப்பதால் சும்மா வந்து பாடுவார்கள் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. சமையல்காரருக்கும் பூக்காரருக்கும் கூலி பேசுகிற நாம் சங்கீதத்துக்கு மட்டும் 'உங்களுக்கும் நாலு பேர் அறிமுகம் ஆவார்கள்' என்று சொல்வது அழகல்ல. உங்களால் இயன்ற தொகையைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவரால் இயலாது என்றால் மரியாதையாக விட்டுவிடுங்கள். பக்கவாத்தியக்காரர்களின் பங்கு அந்தத் தொகைக்குள் அடக்கமா, தனியா என்பதைக் கேட்காமல் விட்டால் பின்னால் மனக்கசப்பு வரும். தனி என்றால் அவர்கள் ஒவ்வொருவரோடும் நீங்களே பேசி, தனித்தனி உறையில் கொடுப்பது சிறந்தது. செலவை நண்பர்கள் பகிர்ந்துகொள்வதாக இருந்தால் அந்தப் பணத்தை ஒரு வாரத்துக்கு முன்பே ஜிபேயில் வாங்கி முடித்துவிட வேண்டும். கச்சேரி அன்று வாசலில் உண்டியல் வைப்பதோ, நிறைவுப் பாட்டான மங்களம் முடிந்ததும் தட்டு ஏந்துவதோ பாடியவரைக் கூசவைக்கும்.

அடுத்து அவரிடம் கேட்க வேண்டியது சுருதி, அதாவது அவர் பாடும் ஆதார ஷட்ஜத்தின் உயரம்; அதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண் குரல் என்றால் ஒரு கட்டையை ஒட்டியும், பெண் குரல் என்றால் ஐந்து, ஐந்தரைக் கட்டையை ஒட்டியும் இருக்கும், ஆனால் ஊகத்தில் விடக்கூடாது. ஒரு மிருதங்கம் எல்லாச் சுருதிக்கும் ஒத்துவராது. தாழ்ந்த சுருதியான தக்கு சுருதிக்கு ஒரு மிருதங்கம், உயர்ந்த ஹெச்சு சுருதிக்கு வேறு மிருதங்கம் என்று வாத்தியக்காரர் கொண்டுவர வேண்டியிருப்பதால் அவருக்கு இதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அவர் இடக்கைக்காரரா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். வழக்கமாக மிருதங்கம் பாடகரின் வலப்பக்கம், வயலின் இடப்பக்கம். அப்போதுதான் வலக்கையால் வாசிக்கும் முகமான வலந்தலை கேட்பவர்களைப் பார்த்து இருக்கும். இடக்கைக்காரர் என்றால் இருவரும் இடம் மாற வேண்டும். மிருதங்க மேதையான பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர்; இந்த இடமாற்றத்துக்கு வயலின்காரர்கள் இணங்காததால் அவர் பட்ட சிரமம் சங்கீத உலகம் அறிந்தது. வீட்டிலாவது அந்தத் தயக்கம் இல்லாமல் ஜமக்காளத்தை முன்கூட்டியே மாற்றி விரித்துவிடலாம்.

பக்கவாத்தியம் எத்தனை என்பதில் என் கருத்து பிடிவாதமானது. 250 சதுர அடிக்குட்பட்ட கூடத்தில் வயலின், மிருதங்கம் இரண்டுக்கு மேல் வேண்டாம். கடமும் கஞ்சிராவும் சேர்ந்தால் தாளம் கூடத்தை நிறைத்துவிடும், பாடகர் அதன் மேல் ஏறி நிற்கக் குரலை உயர்த்துவார். வீணைக் கச்சேரி என்றால் மிருதங்கமே மிக அடக்கமாக வாசிக்க வேண்டும். மிருதங்கத்தை விட்டுவிட்டுக் கஞ்சிரா ஒன்றோடு நிறுத்திய ஒரு மாலை என் நினைவில் நன்றாகவே நிற்கிறது.

நாளும் நேரமும்

மார்கழியில் வேண்டவே வேண்டாம். பாடகர்களுக்கு நாள் இருக்காது, இருந்தாலும் தொண்டை களைத்திருக்கும். கேட்பவர்களின் காதும் அப்படித்தான். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பலர் அமெரிக்காவில் இருப்பார்கள். கிளீவ்லாந்தில் 1978 முதல் நடந்துவரும் தியாகராஜ ஆராதனையை ஒட்டி அந்தப் பயணங்கள் தொடங்கும். மேலும் அந்த வெயிலில் மின்விசிறியை நிறுத்த முடியாது. பிப்ரவரி, மார்ச் மாதங்களும், ஜூலைக்குப் பிறகு நவராத்திரி வரையிலான காலமும் ஏற்றவை. ஞாயிறு மாலை எல்லோருக்கும் வசதிதான், ஆனால் 4.30 முதல் 6.00 வரை இராகு காலம். உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் வருகிற பெரியவர்களில் பாதிப் பேருக்கு இருக்கும், 4.15க்கு முதல் பாட்டான வர்ணத்தைத் தொடங்கிவிட்டால் இரு தரப்புக்கும் மனநிறைவு. ஆறே முக்காலுக்கு மங்களம் பாடி, ஏழு மணிக்குச் சிற்றுண்டி என்றால் அடுத்த நாள் அலுவலகம் போகிறவர்களும் முகம் சுளிக்காமல் வருவார்கள்.

வீட்டின் ஓசைகள்

ஒரு வீடு எத்தனை ஓசைகளை எழுப்புகிறது என்பது மைக் இல்லாத கச்சேரியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நான் முதன்முதலாக வைத்த கச்சேரியில் தோடி ராக ஆலாபனை கீழ் ஸ்தாயியான மந்தர ஸ்தாயியில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது, கீழே அடுக்கக வாசலில் தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கியது. தினமும் ஐந்தரை மணிக்குக் காவலாளி அதைப் போடுவார். ஆறு வருடம் அந்த வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. மோட்டாரின் ரீங்காரம் சுருதிக்குக் கொஞ்சம் கீழே நின்றது, அதாவது மிகக் கெட்ட இடத்தில். பாடகர் கண்ணைத் திறந்து மேற்கூரையைப் பார்த்தார், ஒரு மூச்சு விட்டார், நேராக மேல் ஸ்தாயியின் தார ஷட்ஜத்துக்குப் போய்விட்டார். கேட்டவர்கள் அதை அவருடைய கற்பனை என்று எண்ணி ஆஹாகாரம் செய்தார்கள். எனக்கு மட்டும் காது சிவந்தது.

ஆகவே கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பு, அதே கிழமையில் அதே நேரத்தில், கூடத்தில் விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்து கேட்க வேண்டும். கையில் ஒரு காகிதம் வைத்துக்கொண்டு கேட்கிற ஒவ்வொரு ஓசையையும் அதன் நேரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். குளிர்பதனப் பெட்டி இருபது நிமிடத்துக்கு ஒரு முறை உறுமும். சமையலறைக் கதவைச் சாத்தினால் அது அடங்குகிறதா, அல்லது இரண்டரை மணி நேரம் நிறுத்தியே வைக்க வேண்டுமா என்று பார்க்கலாம். பாலை வெளியே எடுக்காமல் நிறுத்தினால் ஒன்றும் கெட்டுப்போகாது. மின்விசிறி கிறீச்சிடும். சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் சாதாரண நாளில் காதில் விழாது, ஆனால் ஆலாபனையின் இடைவெளிகளில் அது இன்னொரு தாளம் போடும். கழற்றி உள்ளறையில் வைத்துவிடலாம். அழைப்பு மணியின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, வாசலில் ஒருவரை நிறுத்தி, தாமதமாக வருகிறவரை ஒரு பாட்டு முடிகிறவரை வெளியே உட்காரவைக்க வேண்டும். அதற்காக வாசலில் இரண்டு நாற்காலி. பக்கத்து வீட்டாருக்கு முன்பே சொல்லி, முடிந்தால் அவர்களையும் அழைத்துவிட்டால், அவர்கள் வீட்டு மிக்ஸியும் தொலைக்காட்சித் தொடரும் அன்றைக்குத் தாமாக அமைதியாகிவிடும்.

சமையலறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குக்கர் விசில் சிரிப்பை வரவழைக்கும், அவ்வளவுதான், தாளிப்பு அப்படியல்ல. சூடான எண்ணெயில் மிளகாய் வற்றல் விழுந்த நெடி கூடத்துக்கு வந்தால் பாடகருக்கு இருமல் வரும், அன்றைய கச்சேரி அதோடு சரி. கச்சேரி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுபத்தி மூன்றும் வேண்டாம். குத்துவிளக்கு ஒன்று போதும். கொசுவை மாலை நான்கு மணிக்கு முன்பே பேட் அடித்து முடித்து, ஜன்னல் வலைகளைச் சாத்திவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு அம்மாள் சமையலறையிலேயே நின்று ஒரு கீர்த்தனைகூடக் கேட்காத வீட்டுக் கச்சேரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிற்றுண்டியை வெளியே சொல்லிவிட்டு, வீட்டில் உள்ள எல்லோரும் முதல் வரிசையில் உட்காருங்கள்.

ஏசி வேண்டுமா என்பது கூடத்தைப் பொறுத்தது. வேண்டும் என்றால், கலைஞர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டு, கச்சேரி முடியும் வரை அதே அளவில் விட்டுவிட வேண்டும். நடுவில் கூட்டிக் குறைத்தால் தந்திகளும் தோலும் சுருதி மாறிக்கொண்டே இருக்கும், வாத்தியக்காரர்களுக்கு ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் திருத்துவதே வேலையாகிவிடும். காற்று நேராக அவர்கள் மேல் படும்படி உட்கார வைக்கக்கூடாது.

சுருதி சேர்க்கும் அரை மணி நேரம்

கலைஞர்களை ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்லி, வருகிறவர்களுக்கு வெந்நீரும் விருப்பமானால் காபியும் கொடுத்து, ஓர் அறையை அவர்களுக்கென்று ஒதுக்கித் தர வேண்டும். மேடை தேவையில்லை, தரைக்கு மேல் நான்கு அங்குலம் உயரமான பலகை இருந்தால் பின்வரிசைக்காரர்களுக்கு முகம் தெரியும், இல்லாவிட்டாலும் குறையில்லை. பலகை போடுவதாக இருந்தால் அதில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். ஒரு ஆணி தளர்ந்திருந்தாலும் பாடகர் தாளம் போடும்போதெல்லாம் கிறீச்சென்று அதுவும் தாளம் போடும்.

தம்புரா உண்மையான தம்புராவாக இருக்கட்டும். மின்சுருதிப் பெட்டியையும் கைபேசிச் செயலியையும் சபாவுக்கு விட்டுவிடலாம். இருபது பேருக்கு நடுவே ஒரு பலாமரத் தம்புராவின் நாதம் தரை வழியாகவே வந்து சேரும். இரவல் வாங்குவதாக இருந்தால் முந்தின நாளே கொண்டுவந்து, அந்தக் கூடத்திலேயே சுவரோரம் வைத்து, அந்தக் காற்றுக்குப் பழகவிட வேண்டும். தந்திகள் பழையவை என்றால் இரண்டு நாள் முன்பே மாற்றிவிட வேண்டும். புதுத் தந்தி நீண்டுகொண்டே போய்ச் சுருதி நிற்காமல் படுத்தும்.

தம்புராவைச் சுருதி சேர்க்கிறபோது அருகில் உட்கார்ந்து பாருங்கள். முதல் தந்தி பஞ்சமம், அடுத்து சாரணி, அனுசாரணி என்னும் இரண்டு தந்திகளும் மத்திய ஷட்ஜம், கடைசியில் கீழ் ஷட்ஜம் தரும் மந்தரம். நடுவிரல் பஞ்சமத்தையும் ஆள்காட்டி விரல் மற்ற மூன்றையும் மீட்டும். தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகி ஏறக்குறைய அருகில் கொண்டுவந்த பிறகு, தந்திகளைத் தாங்கும் குதிரைக்குக் கீழே தந்தியில் கோத்திருக்கும் மணியை மயிரிழை அளவு நகர்த்திச் சுருதியைத் துல்லியமாக்குவார்கள். அதற்கும் பிறகு, குதிரையின் மேல் தந்திக்கு அடியில் ஒரு சிறு நூல். அந்த நூலை முன்னும் பின்னும் இழுக்கும்போது ஓர் இடத்தில் தந்தி திடீரென்று உயிர்பெற்று ரீங்கரிக்கும். அதனால்தான் அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். நான்கும் சேர்ந்துவிட்டதற்கு அடையாளம், யாரும் மீட்டாத அந்தர காந்தார சுவரம் மந்தரத்திலிருந்து தானாகக் கேட்பது. சுயம்பு சுவரம் என்று அதைச் சொல்வார்கள். சபாவில் ஆயிரம் பேருக்குக் கிடைக்காத காட்சி இது என்பதால், விருந்தினர்களை 4.00 மணிக்கே வந்து அமரச் சொல்லி, கடைசிப் பதினைந்து நிமிடச் சுருதி சேர்ப்பு அவர்கள் முன்னிலையிலேயே நடக்கும்படி நான் கலைஞர்களிடம் கேட்டுக்கொள்வதுண்டு. இதுவரை யாரும் மறுத்ததில்லை. கூடத்தின் பேச்சொலியும் அந்த நேரத்தில் தானாக அடங்கிவிடும்.

மிருதங்கக்காரருக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீரும், தரையில் விரிக்க ஒரு பழைய துணியும் தேவை. ரவையைத் தண்ணீரில் குழைத்து மிருதங்கத்தின் இடப்பக்க முகமான தொப்பியின் நடுவில் அப்புவார். அந்த ஈரப் பசைதான் தொப்பிக்கு அடிநாதம் தருவது. வலந்தலையின் விளிம்பைக் கல்லாலும் மரக்கட்டையாலும் தட்டுவார். மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். கச்சேரியின் நடுவில் காய்ந்த ரவை உதிரும், அதற்காகத்தான் துணி. நல்ல ஜமக்காளத்தில் அது ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் எளிதில் போகாது.

உட்காரவைப்பதில் ஒரே ஒரு எச்சரிக்கை: வலந்தலைக்கு நேர் எதிரே ஐந்தடிக்குள் யாரையும் உட்காரவிடக்கூடாது. அங்கே இருப்பவருக்கு அன்று மிருதங்கம் மட்டும்தான் கேட்கும். நாற்காலிகள் பக்கச் சுவரோரமாகவும் பின்னாலும் இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி முனகும், மர நாற்காலி மேல். குழந்தைகளை முன்வரிசையில் உட்காரவைக்கலாம், பின்வரிசைக் குழந்தைகள்தான் சலித்துப்போவார்கள்.

என்ன பாடுவது, எப்படிக் கேட்பது

பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைப்படுத்திய கச்சேரி முறை, அதாவது வர்ணத்தில் தொடங்கி, சில கீர்த்தனைகள், ஒரு பிரதான உருப்படி, மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம், பிறகு துக்கடாக்கள் என்னும் சிறு பாடல்கள், மங்களம் என்ற வரிசை, அவையோரைத் தக்கவைத்துக்கொள்வதற்கு மிகவும் நேர்த்தியான ஏற்பாடு. வீட்டில் இருப்பவர்கள் எழுந்து போகப் போவதில்லை என்பதால் இந்த வரிசையைத் தளர்த்தச் சொல்லி நாம் பாடகரைக் கேட்கலாம். பத்து உருப்படிக்குப் பதில் ஆறு போதும். இரண்டு பதங்கள் பாடுங்கள். வழக்கமாகச் சபாவில் நேரம் கிடைக்காமல் ஒதுக்கிவைக்கும் ஒரு நீண்ட விளம்ப காலக் கீர்த்தனையைப் பாடுங்கள் என்று சொன்னால், பாடகரின் முகம் மலர்வதைப் பார்க்கலாம். உருப்படிகளின் பட்டியலை முன்கூட்டியே வாங்கி அச்சடித்துக் கொடுப்பது மட்டும் வேண்டாம். கூடத்தின் மனநிலையைப் பார்த்து, இப்போது சஹானா பாடலாமா என்று பாடகர் வயலின்காரரைத் திரும்பிப் பார்த்து மெல்லக் கேட்பதும், அது முதல் வரிசைக்குக் கேட்பதும் வீட்டுக் கச்சேரியில் மட்டும் கிடைப்பவை.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபாவில் பாதி அரங்கம் எழுந்து கேண்டீனுக்குப் போகும். வீட்டில் அதற்கு வழியில்லை. அந்தக் காரணத்தாலேயே, பத்து நிமிடம் மிருதங்கத்தைக் கையெட்டும் தூரத்தில் கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டு, வாழ்க்கையில் முதல் முறையாகத் தனியை ரசித்தோம் என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். தாளம் போடத் தெரியாதவர்கள் தொடையில் தட்டாமல் இருப்பது இந்த இடத்தில் பெரிய உதவி. முதல் வரிசையில் தவறாக விழுகிற ஒரு கை வாத்தியக்காரரின் கண்ணுக்கு நேராக இருக்கும். இதை யாரையும் பார்த்துச் சொல்லக்கூடாது. தொடக்கத்தில் வீட்டுக்காரர் கைபேசியை அணைத்துவைக்கச் சொல்லும்போது, சிரித்துக்கொண்டே பொதுவாகச் சொல்லிவிடலாம். அந்த வரவேற்பு இரண்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது, கலைஞர்களின் விருதுப் பட்டியலை வாசிக்கவும் கூடாது.

நேயர் விருப்பம் என்று துண்டுச்சீட்டு அனுப்பும் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். பிரதான உருப்படி முடிந்ததும் பாடகரே 'என்ன கேட்கணும்?' என்று கேட்டால் ஒன்றிரண்டு சொல்லலாம். பதிவு செய்வதாக இருந்தால் பாடகரிடம் மட்டுமல்லாமல் பக்கவாத்தியக்காரர்களிடமும் முன்பே அனுமதி கேட்டு, ஒரே ஒரு கருவியை ஓர் ஓரத்தில் வைத்துவிட்டு, மற்றவர்கள் யாரும் கைபேசியைத் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட வேண்டும். அந்த அனுமதி, பதிவை அவர்களும் நீங்களும் கேட்பதற்கு மட்டுமே. இணையத்தில் ஏற்றுவதற்கு வேறு அனுமதி தேவை. பதிவு இல்லை என்று தெரிந்த மாலையில் பாடகர்கள் துணிந்து சில சங்கதிகளை, அதாவது ஒரே வரியைப் பாடும் புதுப்புது விதங்களை, முயன்று பார்ப்பார்கள். சில சமயம் அவை தவறும், தவறினால் அவரே சிரிப்பார், மறுபடியும் பிடிப்பார்.

சௌராஷ்டிர ராகத்தில் மங்களம் தொடங்கியதும் செருப்பைத் தேட எழுவது சபாப் பழக்கம். அது முடிந்து தம்புரா நிற்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை, வீட்டுக்காரர் தாம் அசையாமல் உட்கார்ந்திருந்தாலே எல்லோரும் புரிந்துகொள்வார்கள்.

பிறகு மரியாதை. ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், பூ, அதன் மேல் உறை. தம்புரா போட்ட மாணவி உட்பட ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு. தம்புராக்காரரை மறந்துவிடுகிற வீடுகள் ஏராளம். இரண்டரை மணி நேரம் ஒரே நிதானத்தில் விரலை அசைத்தவர் அவர். பொன்னாடையை எல்லோரும் நிறைய வைத்திருக்கிறார்கள், அதற்குச் செலவிடும் பணத்தை உறையில் சேர்த்துவிடலாம். பாடுகிறவர்கள் கச்சேரிக்கு முன் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்பதால் அவர்களுக்கு முதலில் பரிமாற வேண்டும். இட்லி, கொஞ்சம் ரவா கிச்சடி, கேசரி, மோர், கடைசியில் காபி. வந்திருக்கும் ரசிகர்கள் பாடகரைச் சூழ்ந்துகொண்டு, தம் பேத்தியும் பாட்டுக் கற்றுக்கொள்கிறாள் என்று தொடங்கினால், இலையைக் காட்டி மெல்ல விலக்கிவிடுவது வீட்டுக்காரரின் பொறுப்பு.

கலைஞர்கள் திரும்பிப் போக வண்டி ஏற்பாடும் உங்களுடையதுதான், அதில் மிருதங்கமும் தம்புராவும் படுக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஆட்டோவில் தம்புராவின் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் மனம் பதறும். அவர்கள் கிளம்பிய பின் ஜமக்காளத்தை உதறி, மிருதங்கம் இருந்த இடத்தில் உதிர்ந்துகிடக்கும் ரவையை அன்றிரவே பெருக்கிவிட வேண்டும். விட்டால் விடிவதற்குள் எறும்பு வந்துவிடும்.